கழுத்து வலி: எங்கே, எப்போது? மேசை வேலைக்காரர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

பதினான்கு வருடமாகப் புத்தகப் பக்கங்களை வடிவமைக்கிறேன். யாரோ எழுதிய கையெழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்வது, வரிகளை ஒழுங்குபடுத்துவது, திருத்தம் வந்தால் மறுபடி உட்காருவது, இவ்வளவுதான் வேலை. இதில் பத்து வருடமாவது கழுத்து வலியும் என்னோடு வேலைக்கு வந்துபோகிறது. முதலில் தைலம், பிறகு மாத்திரை, பிறகு விலை உயர்ந்த நாற்காலி என்று வரிசையாக வாங்கிப் பார்த்தேன். நாற்காலி வந்த பிறகும் வலி அதே இடத்தில், அதே நேரத்துக்கு வந்தது.

அப்போதுதான் உறைத்தது. அச்சில் ஒரு எழுத்து உடைந்து வந்தால், எழுத்துருவில் கோளாறா, மென்பொருளிலா, இயந்திரத்திலா என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்கிறவள் நான். கழுத்து விஷயத்தில் மட்டும் தலையணை, நாற்காலி, தைலம் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றிவிட்டு, எது உதவியது என்றே தெரியாமல் இருந்தேன்.

ஆகவே முதல் வேலை, சமையலறைக் காலண்டரில் தினமும் இரண்டு சொல் எழுதுவது: வலி எங்கே, எப்போது. "இடது பிடரி, 4 மணி" என்றால் போதும். பத்து நாளில் ஒரு ஒழுங்கு தெரியும். அதை வைத்துக்கொண்டு கீழே உங்களுடையது எதுவோ அதற்குப் போங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், குறைந்தது ஒரு வாரம் விட்டுப் பாருங்கள்.

இவை இருந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்

கழுத்தோடு நெஞ்சு, தாடை, கை என்று வலி பரவி, வியர்த்து, மூச்சு வாங்கினால் 108-ஐக் கூப்பிடுங்கள். அது கழுத்துப் பிரச்சினை என்று வீட்டில் யாரும் தைலம் தேய்க்க வேண்டாம். இதுவரை வராத மாதிரி திடீரென்று கடுமையான கழுத்து வலி வந்து, கூடவே தலைசுற்றல், பார்வை இரட்டையாகத் தெரிவது, பேச்சு குழறுவது இருந்தாலும் அப்படித்தான். காய்ச்சலும் தலைவலியும் சேர்ந்து கழுத்தைக் குனிய முடியவில்லை என்றாலும், கீழே விழுந்தோ வண்டியில் அடிபட்டோ வலி ஆரம்பித்தது என்றாலும் அன்றைக்கே போக வேண்டும்.

இவ்வளவு அவசரமாகத் தெரியாத, ஆனால் தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகளும் உண்டு. சட்டைப் பொத்தானைப் போட விரல் தடுமாறுகிறது, செருப்பு காலில் நிற்கவில்லை, நடை தள்ளாடுகிறது, சிறுநீர் கட்டுப்பாட்டில் மாற்றம், குனிந்தால் முதுகுத்தண்டு வழியே மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு வெட்டு. தண்டுவடம் அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டிய அறிகுறிகள் இவை. புற்றுநோய் வந்துபோனவர்களும், காரணமில்லாமல் எடை குறைகிறவர்களும், படுத்தாலும் விடாத ராத்திரி வலி உள்ளவர்களும் இந்தப் பட்டியலில்தான்.

காலையில் எழுந்ததும் கழுத்து ஒரு பக்கம் திரும்பவில்லை

நேற்று ராத்திரி வரை ஒன்றுமில்லை, காலையில் பல் தேய்க்கும்போது சுள்ளென்று பிடித்துக்கொண்டது. இது சுளுக்கு. தலையணையை வெயிலில் போடு, உருட்டி எடு என்று பெரியவர்கள் சொல்வார்கள். தலையணைக்கு நல்லது, கழுத்துக்கு ஒன்றுமில்லை. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாக இளகிவிடும்.

அதுவரை, வெந்நீர்ப் பையோ துணியில் முடிந்த சூடான கல்லுப்போ வைத்துப் பதினைந்து நிமிடம் ஒத்தடம். பிறகு வலி ஆரம்பிக்கும் இடம் வரைக்கும் மட்டும் மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருங்கள், ஒரு மணிக்கு ஒருமுறை. அசைக்காமல் வைத்தால் இன்னும் இறுகும். அதனால்தான் கழுத்துப் பட்டையைப் போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் உட்காருவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், தசை சோம்பேறியாகிவிடும். சுளுக்கு வழிக்கிறவரிடம் போயே ஆக வேண்டும் என்றால், தடவுவதோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

மாதம் ஒருமுறை இப்படி ஆகிறது என்றால் படுக்கையைப் பாருங்கள். குப்புறப் படுக்கிறவர்களின் கழுத்து ராத்திரி முழுக்க ஒரே பக்கம் முறுக்கிக்கொண்டு கிடக்கும். ஒருக்களித்துப் படுக்கிறவர்களுக்கு, காதுக்கும் தோளின் ஓரத்துக்கும் இடையே உள்ள இடைவெளிதான் தலையணையின் உயரம். மல்லாந்து படுக்கிறவர்களுக்கு அதைவிடத் தாழ்வாக.

மதியத்துக்கு மேல் இரண்டு தோளிலும் கனம், யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி

இரண்டு பக்கமும் சமமாக வந்தால் முதலில் மேசையின் உயரத்தைச் சந்தேகப்படுங்கள். கடையில் வாங்கும் மேசையும் சாப்பாட்டு மேசையும் கிட்டத்தட்ட 75 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். என்னைப் போல ஐந்தடி இரண்டங்குலம் உள்ளவர்களுக்கு அது அதிகம். விசைப்பலகையில் கை வைத்ததும், நமக்கே தெரியாமல் தோள் இரண்டும் காதை நோக்கி ஏறிவிடும். எட்டு மணி நேரம் ஏறியே இருந்தால் கனக்காமல் என்ன செய்யும்?

சோதித்துப் பார்ப்பது சுலபம். தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே கண்ணை மூடி மூச்சை விடுங்கள். தோள் ஒரு அங்குலம் கீழே இறங்கினால், அந்த ஒரு அங்குலம்தான் உங்கள் பிழை.

மேசையைக் குறைக்க முடியாது. ஆகவே நாற்காலியை உயர்த்த வேண்டும். முழங்கை விசைப்பலகையின் மட்டத்துக்கு வரும் வரை உயர்த்துங்கள். இப்போது கால் தரையில் படாமல் தொங்கும். அதை அப்படியே விட்டால் தொடை அழுந்தி, நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, முதுகு கூன் விழும். பரணில் கிடந்த மணையை எடுத்துக் காலுக்கு வைத்தேன். கல்யாணத்தில் உட்கார்ந்த மணை, இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு வேலைக்கு ஆனது.

மடிக்கணினிக்காரர்களுக்குத் தனியாக ஒரு சங்கடம் உண்டு. திரையும் விசைப்பலகையும் ஒட்டிப் பிறந்தவை. கைக்குச் சரியாக வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்குச் சரியாக வைத்தால் தோள் ஏறும். இதற்கு நடுவழி கிடையாது. தனி விசைப்பலகையும் மௌஸும் வாங்கிவிட்டு, மடிக்கணினியைத் தடித்த புத்தகங்களின் மேல் ஏற்றுங்கள், திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும் வரை. தூரம் ஒரு கை நீளம். இருபதாயிரம் ரூபாய் நாற்காலிக்கு முன்னால் இந்த ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்ச் செலவைச் செய்யுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

தலையின் எடை நாலரை முதல் ஐந்து கிலோ. 60 பாகை குனிந்தால் கழுத்தின் மேல் விழும் பாரம் ஏறக்குறைய 27 கிலோ என்று 2014-ல் நியூயார்க் அறுவை மருத்துவர் ஒருவர் கணக்குப் போட்டுச் சொன்னது சுவரொட்டிகளில் எல்லாம் வந்துவிட்டது. அது கணினி மாதிரியில் போட்ட கணக்கு. குனிந்தாலே கழுத்து கெட்டுவிடும் என்று அதற்கு அர்த்தமில்லை. நாற்று நடுகிறவர்கள் குனியாத குனிவா? என் அனுபவத்தில் குனிவதைவிட, குனிந்தபடியே அசையாமல் இருப்பதுதான் வினை. "நேராக உட்கார்" என்று நிமிர்ந்து விறைத்து உட்கார்ந்தாலும் ஒரு மணி நேரத்தில் அதே வலி வரும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள், அவ்வளவுதான். நான் சின்னத் தம்ளரில் தண்ணீர் வைத்துக்கொள்கிறேன். சீக்கிரம் தீர்ந்துபோகும், எழுந்தே ஆக வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும்

இதுதான் கண்டுபிடிக்க எளிதான பிழை, ஆனால் நான் ஏழு வருடம் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு எப்போதும் இடது பிடரி. தோளின் உள்மூலையில், கழுத்து வந்து சேரும் இடத்தில், பட்டாணி அளவில் ஒரு முடிச்சு. அழுத்தினால் உயிர் போகும்.

ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் போனேன். தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால், "அக்கா, நீங்க வேலை செய்யற மாதிரியே இங்க உக்காந்து காட்டுங்க" என்றாள். உட்கார்ந்தேன். கையை விசைப்பலகையில் வைப்பதுபோல் வைத்ததும், என் தலை தானாக இடது பக்கம் கீழே திரும்பியது. அங்கே ஒன்றுமே இல்லை; ஆனால் என் மேசையில் அங்கேதான் கையெழுத்துப் பிரதி படுத்துக் கிடக்கும். ஒரு நாளைக்கு ஆயிரம் முறையாவது அதைப் பார்த்துத் திரையைப் பார்ப்பேன். ஏழு வருடம்.

மருந்து எதுவும் இல்லை. பாட்டி பாராயணத்துக்கு வைத்திருந்த சிக்குப்பலகையைத் திரைக்கும் விசைப்பலகைக்கும் நடுவில் விரித்து, பிரதியை அதில் சாய்த்து வைத்தேன். மூன்று வாரத்தில் முடிச்சு அழுத்தினால் மட்டும் தெரியும் அளவுக்கு வந்தது.

உங்களுக்கு அது பிரதியாக இருக்காது. இரண்டு திரை வைத்திருக்கிறவர்கள், எதை அதிகம் பார்க்கிறார்களோ அதை மூக்குக்கு நேராக வைக்க வேண்டும். இரண்டையும் சமமாகப் பார்த்தால் இரண்டும் சேரும் கோடு நேராக வரட்டும். வலது தோளின் முன்பக்கமும் மேலும் வலித்தால் மௌஸ் எட்டாத தூரத்தில் இருக்கிறது. எண்பலகை உள்ள நீளமான விசைப்பலகை மௌஸை இன்னும் ஒரு சாண் தள்ளிவிடும். எண் தட்டும் வேலை இல்லாதவர்கள் குட்டையான பலகைக்கு மாறலாம். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிப் பேசும் பழக்கம், ஒரே தோளில் பை, ஜன்னல் வெளிச்சத்துக்காகத் திருப்பிப் போட்ட நாற்காலி, இவையும் உண்டு. உங்களால் உங்களைப் பார்க்க முடியாது. வீட்டில் யாரையாவது, நீங்கள் கவனிக்காதபோது, பின்னாலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.

பிடரியில் ஆரம்பித்து நெற்றிக்கு ஏறும் தலைவலி

மண்டை ஓட்டின் அடியில், கூந்தல் முடியும் இடத்தில் ஆரம்பித்து, ஒரு பக்கமாகக் கண்ணுக்குப் பின்னால் வந்து நிற்கும். கழுத்தைத் திருப்பினால் கூடும். ஒற்றைத் தலைவலி என்று நினைத்துப் பலர் மாத்திரை போடுவார்கள். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதால், அடிக்கடி வந்தால் மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

நாற்பதைத் தாண்டியவர்கள் முதலில் மூக்குக்கண்ணாடியைப் பாருங்கள். வெள்ளெழுத்து வந்து, தூரமும் கிட்டமும் சேர்ந்த கண்ணாடி போட்டவர்களுக்குப் படிக்கும் பகுதி கீழே இருக்கும். திரை கண் மட்டத்தில் இருந்தால், அதைப் படிக்க முகவாயைத் தூக்க வேண்டிவரும். தாடை முன்னே நீண்டு, பிடரி மடங்கி, நாள் முழுக்க வானத்தைப் பார்க்கிற மாதிரி. இவர்களுக்கு மேலே சொன்ன "திரையின் விளிம்பு கண் மட்டம்" என்கிற விதி பொருந்தாது. திரையைத் தாழ்த்த வேண்டும். இல்லையென்றால் கணினித் தூரத்துக்கு மட்டும் என்று தனிக் கண்ணாடி எழுதித் தரச் சொல்லுங்கள்.

கண்ணாடி இல்லாதவர்களுக்கும் எழுத்து சின்னதாக இருந்தால் தலை ஆமை மாதிரி முன்னே போகும். எழுத்தைப் பெரிதாக்குவது இலவசம்.

இந்த வலிக்கு ஒரு பயிற்சி நன்றாகக் கேட்கும். முகத்தை நேராக வைத்து, மேசை இழுப்பறையை உள்ளே தள்ளுவதுபோல் தாடையைப் பின்னால் தள்ளுங்கள். குனியவும் கூடாது, நிமிரவும் கூடாது. இரட்டைத் தாடை விழுந்தால் சரியாகச் செய்கிறீர்கள். ஐந்து எண்ணிக்கை வைத்து விடுங்கள், பத்து முறை. அலுவலகத்தில் யாராவது பார்த்தால் சிரிப்பார்கள், பரவாயில்லை.

முதுகில் இரண்டு தோள் எலும்புக்கும் நடுவே எரிச்சல்

கை எட்டாத இடம். சுவரின் மூலையில் முதுகைத் தேய்க்கத் தோன்றும். அங்கே வலித்தாலும், காரணம் பல சமயம் முன்பக்கம்தான்: மார்புத் தசை குறுகி, தோள் முன்னால் சுருண்டு, முதுகுத் தசை நாள் முழுக்க இழுபட்டுக் கிடக்கிறது. இழுபட்ட தசையை மேலும் நீட்டுவதில் பயனில்லை. வாசற்படியில் நின்று, முன்கைகளை இரண்டு நிலைக்காலிலும் பதித்து, ஒரு கால் முன்னே வைத்து மார்பை விரியுங்கள், அரை நிமிடம். பிறகு துண்டைச் சுருட்டித் தரையில் குறுக்காகப் போட்டு, தோள் எலும்பின் கீழ் நுனி அதன்மேல் வரும்படி மல்லாந்து படுங்கள். முதுகு மெதுவாக வளைந்து கொடுக்கும்.

கழுத்திலிருந்தும் வலி இங்கே இறங்கி வரும். கழுத்தை அசைக்கும்போது முதுகு எரிந்தால் கழுத்தையே கவனியுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட பிறகு வலது தோள் எலும்பின் கீழே வலித்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் பட்டை மாதிரி எரிந்து, துணி பட்டாலே கூசி, சில நாளில் கொப்புளம் கிளம்பினால் அது அக்கி. காவியில் அக்கி எழுதுவதோடு நிறுத்திவிடாதீர்கள். வைரஸுக்கான மாத்திரையைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பயன்.

கை மரத்துப்போகிறது

எந்த விரல் என்று பாருங்கள். பாதி விடை அதில் இருக்கிறது.

கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை மரத்து, நடுராத்திரியில் எழுந்து கையை உதறினால் சரியாகிறது என்றால், பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது. சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் என்றால் முழங்கை. மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றும் பழக்கம் இருக்கும். தோளிலிருந்து கை வழியே கம்பியை இழுத்த மாதிரி வலி இறங்கி விரலுக்கு வந்தால் கழுத்து நரம்பு. கழுத்தில் ஆறாவது நரம்பு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும், ஏழாவது நடுவிரலுக்கும், எட்டாவது சுண்டுவிரல் பக்கத்துக்கும் போகிறது. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்.

கழுத்து நரம்பு வலி உள்ளவர்கள் உள்ளங்கையைத் தலைமேல் வைத்தால் பலருக்கு வலி குறையும், நரம்பின் இழுவிசை தளர்வதால். கையைத் தலையில் வைத்துக்கொண்டு டிவி பார்க்கிறவரைக் கண்டால், "கப்பல் கவிழ்ந்துபோச்சா" என்று கேலி செய்வதற்கு முன் கழுத்தைப் பற்றிக் கேளுங்கள்.

பயப்பட வேண்டாம், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரம், சில மாதத்தில் அறுவை இல்லாமலே அடங்கிவிடும். ஆனால் மருத்துவர் பார்க்கட்டும். கையில் வலு குறைகிறது, தம்ளர் நழுவுகிறது என்றால் தாமதிக்காதீர்கள்.

கழுத்தில் சொடக்குச் சத்தம்

வலி இல்லாத சத்தம் வெறும் சத்தம். விட்டுவிடுங்கள். ஆனால் முடிதிருத்தும் கடையில் தலையைப் பிடித்துச் சடக்கென்று நெட்டி முறிப்பதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களில் ஒரு ஜோடி கழுத்தெலும்பின் ஓட்டை வழியாகத்தான் ஏறுகிறது. அது கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். அபூர்வம்தான், ஆனால் அந்த இரண்டு நொடி சுகத்துக்கு அது அதிக விலை.

ஸ்கேனில் "தேய்மானம்" என்று வந்துவிட்டது

எனக்கும் வந்தது. முப்பத்தாறு வயதில் தேய்மானமா என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 87.6 சதவீதம் பேருக்குக் கழுத்தெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டு பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலும் பெரும்பான்மை அப்படித்தான். தலை நரைப்பது மாதிரி இது. படத்தில் உள்ளதும் உங்கள் வலியும் ஒரே நரம்பில் பொருந்துகிறதா என்பதுதான் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

எல்லாம் செய்தாயிற்று, இன்னும் போகவில்லை

மூன்று மாதம் தாண்டிய வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். அந்த நிலையில் நரம்பு மண்டலமே கொஞ்சம் கூசிப்போயிருக்கும். சின்ன இழுப்பும் பெரிதாகக் கேட்கும். தூக்கம் கெட்ட மறுநாளும், அச்சுக்குப் போகும் வாரமும் என் காலண்டரில் சிவப்பாக இருக்கும். மேசை அதே மேசைதான்.

இங்கே எனக்கு உதவியது வலு. 2011-ல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில், அடிக்கடி கழுத்து, தோள் வலி உள்ள 198 அலுவலக ஊழியர்களைப் பிரித்து, ஒரு குழு தினம் 2 நிமிடமும் இன்னொரு குழு 12 நிமிடமும் ரப்பர் பட்டையை இழுத்தார்கள். வாரத்தில் ஐந்து நாள், பத்து வாரம். இரண்டு குழுவுக்கும் வலி குறைந்தது. இரண்டு நிமிடத்துக்கு நேரமில்லை என்று என்னால்கூடச் சொல்ல முடியவில்லை.

பட்டையின் நடுவை மிதித்துக்கொண்டு, இரண்டு நுனியையும் பிடித்து, முழங்கையை லேசாக மடக்கி, கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்கி இறக்க வேண்டும். பட்டை இல்லாதவர்கள் அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலில் ஆரம்பிக்கலாம். முதல் வாரம் தசை வலிக்கும், அது வேறு வலி. குக்கர் இரண்டாவது விசில் வரும் வரை என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. டைக்ளோஃபினாக் வகை மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள். வயிற்றுப் புண், சிறுநீரகம், ரத்த அழுத்தம் மூன்றிலும் கை வைக்கும். மேலே தடவும் ஜெல் எவ்வளவோ மேல்.

வேலை நாளில் சரி, ஞாயிற்றுக்கிழமை அதிகம்

கட்டிலில் சாய்ந்து, தலையணையை மடித்து முதுகுக்குக் கொடுத்து, நெஞ்சின் மேல் போனை வைத்துக்கொண்டு எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். என் காலண்டரில் இரண்டு மாதம் ஞாயிறு மாலை மட்டும் குறி விழுந்துகொண்டே இருந்தது. அலுவலக மேசையைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.